ரோஸ்மெனுக்குத் துணையாகப் போனவள்

போன மாதம் அபிராமி தொலைபேசியில் கூப்பிட்டாள். டவுன்டவுனில் நான் என் உழைக்கிற வயதின் முக்கால்வாசியைத் தொலைத்த ஹோட்டலில் இப்போது அவள் அறை துப்புரவுப் பகுதியில் வேலை செய்கிறாள். தொழிற்சங்கப் பிரதிநிதியும் அவள்தான்.

"அன்ரி, பிள்ளைத்தாச்சியளோட ஆஸ்பத்திரிக்கு ஒராள் சம்பளத்தோட போற வழக்கம் ஒண்டு இருக்கெல்லோ, அதை நிப்பாட்டப் போகினமாம். இதை ஆர் தொடங்கினது, ஏன் தொடங்கினது எண்டு புது மனேச்சர் கேக்கிறார். இஞ்ச ஒருத்தருக்கும் தெரியேல்லை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒருத்தருக்கும் தெரியாதோ? ஒருத்தியின்ர உயிர் போய்த் தொடங்கின வழக்கமடி அது!" என்று கத்திவிட்டேன். பாவம், அவளில் என்ன பிழை? அவள் சேரும்போதே நான் ஓய்வு பெற்றுவிட்டேன். கூட்டத்துக்கு வந்து கதைக்கச் சொல்லிக் கேட்டாள். மாட்டேன் என்றேன். கூட்டத்தில் கதைத்தால் அழுவேன். அழுதால் கிழவி களைத்துப்போனாள் என்று தண்ணீர் கொண்டுவந்து தந்து இருத்திவிடுவார்கள். சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். எழுதித் தருகிறேன் என்று சொன்னேன்.

என் சொந்தக் கதை நீளமில்லை. திருகோணமலையிலிருந்து கியூபெக்குக்கு அகதியாய் வந்து, கோட்-டெ-நெய்ஜில் ஓர் அடுக்குமாடியில் குடியிருந்து, முதலில் உணவகமொன்றின் பின்கட்டில் பாத்திரம் கழுவினேன். பிரெஞ்சு வகுப்புக்குப் போனேன். பிறகு ஹோட்டலில் அறை துப்புரவுக்குச் சேர்ந்து, தளப் பொறுப்பாளராகி, முழங்கால் தேய்ந்ததும் விலகினேன். இப்போது புரோசார்டில் மகன் வீட்டில் இருந்துகொண்டு முழங்கால் விட்ட இடத்துக்குப் போகிறேன், விடாத இடத்துக்குப் போவதில்லை.

ஹோட்டலில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் மதாம் லூசீல். மெலிந்த கியூபெக்காரி. நடந்து வருகிற சத்தம் கேட்காது. நாங்கள் அறையை முடித்துவிட்டு வெளியே வந்ததும் உள்ளே போய், கட்டில் விரிப்பின் மேல் புறங்கையை வைத்து மெதுவாக இழுத்துப் பார்ப்பார். சுருக்கம் ஏதும் தட்டுப்பட்டால் திட்டமாட்டார். அதுதான் கொடுமை. ஒரு சொல்லும் சொல்லாமல் விரிப்பு முழுவதையும் உருவி நிலத்தில் போட்டுவிட்டுப் போய்விடுவார். நாங்கள் அவருடைய பரம்பரையையே தமிழில் திட்டிக்கொண்டு மறுபடி விரிப்போம். விரித்து முடித்த கட்டிலில் யாரையும் குந்தி இருக்கவும் விடமாட்டார்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். மற்ற ஹோட்டல்களில் ஒருத்தி தனியே நின்று கட்டில் விரிப்பாள். எங்கள் ஹோட்டலில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். ஒருத்தி மெத்தையின் மூலையைத் தூக்கிப் பிடிக்க, மற்றவள் விரிப்பின் முனையைச் சரிவாக மடித்து அடியில் செருக வேண்டும். அடுத்த மூலையில் தூக்கினவள் செருகுவாள், செருகினவள் தூக்குவாள். அந்த மெத்தைகளின் பாரம் தூக்கினவளுக்குத்தான் தெரியும். மேலிடத்திலிருந்து எத்தனையோ தரம், தனித்தனியே செய்யவிடுங்கள், நேரம் மிச்சம் என்று சொல்லிப் பார்த்தார்கள். மதாம் அசையவில்லை. ஒருவரோடு ஒருவரைச் சேர்த்து விட்டால் வருடக்கணக்கில் பிரிக்கவும் மாட்டார்.

அப்படிச் சேர்த்துவிட்ட சோடிதான் பத்மாவும் ரோஸ்மெனும். பத்மா மட்டக்களப்பு. என்னைவிடச் சில வயது இளையவள், வாய்க்காரி. ஹோட்டல் முழுக்க அவளுடைய குரல் கேட்கும். ஆனால் பிரெஞ்சு என்றால் போன்ஜூர், மெர்சி, துவாய்க்கும் சவர்க்காரத்துக்கும் உள்ள சொல், அவ்வளவுதான். ரோஸ்மென் ஹெய்ட்டியில் பிறந்தவள். உயரமான, அகன்ற தோள் உள்ள கறுப்பினப் பெண், வயது முப்பதைத் தாண்டவில்லை. பத்மா தமிழில் ஊர்வம்பு சொல்லுவாள், ரோஸ்மென் தன் ஊர்ப் பாஷையான கிரெயோலில் பதில் சொல்லுவாள், இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என்னடி விளங்கினது என்று கேட்டால், "விளங்கினாத்தான் சிரிக்கணுமாக்கா?" என்பாள் பத்மா. இனி எழுதுவதில் ரோஸ்மெனும் மதாமும் கதைத்ததெல்லாம் பிரெஞ்சு. நான் என் தமிழில் எழுதுகிறேன்.

மதாம் ரோஸ்மெனை "என் பலசாலி" என்றுதான் கூப்பிடுவார். மெச்சித்தான் சொன்னார். இழுத்து விரிக்கும் சோபாக் கட்டில்கள் இருக்கிற குடும்ப அறைகளை அவளுக்கே கொடுப்பார். எங்கள் தமிழ் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. "அவளவை இரும்பக்கா, எங்களை மாதிரியே? ஒண்டும் செய்யாது," என்று கறுப்பினப் பெண்களைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் சொல்லுவார்கள். அதைவிட மோசமான பெயர்களும் எங்கள் வாயில் உண்டு, அவற்றை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ரோஸ்மென் பிள்ளைத்தாச்சி ஆனாள். முதல் பிள்ளை. மதாம் உடனே பாரமான வேலையிலிருந்து எடுத்து, துணிகள் அடுக்கும் அறையில் கதிரை போட்டு இருத்தினார். துவாய் மடிப்பதும் தலையணை உறை எண்ணுவதும் வேலை. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதே காலத்தில் வரவேற்பு மேசையில் வேலை செய்த ஒரு வெள்ளைப் பெண்ணும் வாயும் வயிறுமாய் இருந்தாள். அவள் ஒருநாள் கால் வீங்கியிருக்கிறது என்று டொக்டரிடம் போனவள், அன்றைக்கே ஆஸ்பத்திரியில் மறிக்கப்பட்டு வார்ட்டில் சேர்க்கப்பட்டாள். நல்ல விஷயம். தாயும் பிள்ளையும் சுகம்.

ரோஸ்மெனுக்கும் கால் வீங்கியது. தலையிடி வேறு. ஒருநாள் லீவு எடுத்துத் தனியே ஆஸ்பத்திரிக்குப் போனாள். அடுத்த நாள் வேலைக்கு வந்தாள், சப்பாத்தின் பின்பக்கத்தை மிதித்துக்கொண்டு. தேநீர் நேரத்தில் பத்மா போய் அவளுடைய கணுக்காலில் பெருவிரலை வைத்து அமர்த்தினாள். ரொட்டி மாவில் அமர்த்தின மாதிரிக் குழி அப்படியே நின்றது.

"ராணியக்கா, இந்தக் காலப் பாருங்க! நேத்துப் போனவள்தானே? என்னத்தப் பாத்து அனுப்பினவங்க இவள?"

நான் ரோஸ்மெனிடம் கேட்டேன். அவள் துவாயை மடிப்பதை நிறுத்தவில்லை.

"சொன்னனான். தலை வெடிக்குது எண்டு சொன்னனான். நேர்ஸ் சிரிச்சுப்போட்டு, நீ நல்ல பலமான ஆள், தண்ணியைக் குடிச்சிட்டுப் படு எண்டாள். பிரஷர்கூடப் பாக்கேல்லை."

"திரும்பப் போ."

"போகமாட்டன். அதே கதிரையில இருந்து அதே சிரிப்பைத் திரும்பப் பாக்க என்னால ஏலாது, ராணி."

அவளுடைய புருஷன் வில்னேருக்கு நகரத்துக்கு வெளியே ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை, ஏஜென்சி மூலம். ஒருநாள் வரவில்லை என்றால் அடுத்த நாள் கூப்பிடமாட்டார்கள். தாய் ஹெய்ட்டியில். விசா கேட்டு மறுத்துவிட்டார்கள். கூடப் போக யாருமில்லை.

"நான் போறன் இவளோட," என்றாள் பத்மா.

நான் மதாமிடம் போய் நின்றேன். பத்மாவுக்கு அன்று பாதி அறைகள் இன்னும் கிடந்தன. மதாம் முதலில் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அவள் பலசாலி ஆச்சே," என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. நான் கால் குழியைப் பற்றிச் சொன்னேன். நேர்ஸ் சொன்னதையும் சொன்னேன், அந்தப் பலம் என்ற சொல்லையும் சேர்த்து. மதாம் எழுந்தார். மேலங்கியைக் கழற்றிக் கதிரையில் போட்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "பத்மா போகட்டும், வேலை நேரமாகவே இருக்கட்டும். அவளுடைய அறைகளை நீயும் நானும் செய்வோம்," என்றார்.

அன்றைக்கு மதாமும் நானும் சோடியாகக் கட்டில் விரித்தோம். எத்தனையோ வருடம் விரிப்பைத் தொடாத கை. ஆனால் மூலைகள் கத்தியால் வெட்டினது போல வந்தன. நாலைந்து அறை முடித்தோம். பிறகு மெத்தையைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்:

"ஆஸ்பத்திரியில் அவள் சொன்னால் நம்புவதில்லை. அப்படித்தானே, ராணி?"

"ஓம், மதாம். இவளை மட்டுமில்லை."

அது உண்மை. எனக்கு இதைப்பற்றிப் படிப்பு ஒன்றும் இல்லை. கண்டதைத்தான் சொல்கிறேன். அந்தத் துணி அறையில் வருடக்கணக்காக எத்தனை கறுப்பினப் பெண்பிள்ளைகள் என்னோடு இருந்து கதைத்திருப்பார்கள். ஆஸ்பத்திரியில் நோகுது என்று சொன்னால் பொறு என்பார்களாம். இரத்தம் போகுது என்றால் அது வழமை என்பார்களாம். பிள்ளையை இழந்து, வெறும் கையோடு வேலைக்குத் திரும்பி வந்தவர்களும் இருந்தார்கள். எங்களையும் சில நேரம் அலட்சியம் செய்திருக்கிறார்கள்தான், ஆனால் யாரும் எங்களைப் பார்த்து நீ பலசாலி, தாங்குவாய் என்று சொன்னதில்லை. மதாம் அன்றைக்குப் பிறகு ரோஸ்மெனை அந்தப் பெயரால் கூப்பிடவே இல்லை.

அன்று ஆஸ்பத்திரியில் ரோஸ்மெனை மறித்துவிட்டார்கள். பிரஷர் கூடிப்போய் நின்றதாம். மருந்து கொடுத்து, சில நாள் வைத்திருந்து, பிறகு அடிக்கடி வரச் சொல்லி அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் பத்மாதான் கூடப் போனாள், மதாமின் உத்தரவோடு, சம்பளத்தோடு. ஹோட்டலில் இது பெரிய கதையாகிவிட்டது. பத்மா ஆஸ்பத்திரியில் என்ன சொன்னாள், எந்த டொக்டரைப் பிடித்து ஏசினாள் என்று சமையலறைக்காரர்கள்கூடக் கேட்டார்கள். பத்மா சிரித்துக்கொண்டு, "என்ட வாய்க்கு முன்னால ஆரு நிப்பா?" என்பாள். பிரெஞ்சு இல்லாவிட்டாலும் தமிழிலேயே ஏசியிருப்பாள் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். அந்த வாயை எங்களுக்குத் தெரியுமே.

பிள்ளை கொஞ்சம் முந்திப் பிறந்தது. பெண் பிள்ளை. சின்னதுதான், ஆனால் சுகம். தாயும் சுகம். மிர்லாந் என்று பெயர் வைத்தார்கள். ரோஸ்மென் படம் அனுப்பினாள், சாப்பாட்டு மேசையில் கைக்குக் கை மாறியது. மதாம் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். கரை சேர்த்துவிட்டோம் என்று நினைத்தோம்.

இதற்கு மேல்தான் எழுதக் கை வருகுதில்லை.

எங்கள் ஆட்களின் வழக்கம் உனக்குத் தெரியும், அபிராமி. பிள்ளை பிறந்த வீட்டுக்கு முப்பத்தோராம் நாள் வருமட்டும் வெளியாட்கள் போவதில்லை. துடக்கு, தீட்டு என்பது ஒன்று. அதைவிட, பச்சை உடம்புக்காரியை ஆறவிட வேண்டும், ஆட்கள் போய்க் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்பது. மருந்துச் சரக்குகள் அவித்த தண்ணி வைத்துக் கொடுக்க, பிள்ளையைக் குளிப்பாட்ட, இரவில் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்க அவளுடைய தாயோ சகோதரியோ இருப்பார்கள் என்று நினைத்துத்தான் மற்றவர்கள் தள்ளி நிற்பது. பத்மாவும் அப்படித்தான் தள்ளி நின்றாள். மரியாதைக்கு நின்றாள். முப்பத்தோராம் நாள் போவதென்று பிள்ளைக்குச் சட்டை, கறுப்பு வளையல், சின்னக் கொலுசு எல்லாம் வாங்கி வைத்திருந்தாள். நானும் அவளோடு போவதாக இருந்தேன். ரோஸ்மென் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையில் இரண்டு பஸ் தரிப்பு.

அந்த வீட்டில் தாய் இல்லை, சகோதரி இல்லை. வில்னேர் விடியப் போனால் பொழுதுபடத்தான் வருவான். அது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் எங்கள் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. மதாமுக்கும் உறைக்கவில்லை. பிள்ளை பிறந்துவிட்டது, இனி ஆஸ்பத்திரிக்குத் துணை எதற்கு என்றுதான் அவரும் நினைத்தார்.

மிச்சம் எனக்கு வில்னேர் சொல்லித் தெரியும். பிள்ளை பிறந்து மூன்றாம் கிழமை அவளுக்கு மறுபடி தலையிடி வந்தது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்குது என்று சொன்னாளாம். வில்னேர் வேலைக்குப் போனபின், பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு தனியே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். கன நேரம் இருந்தாள். கடைசியில் ஒருவர் வந்து, சின்னப் பிள்ளைக்காரிக்கு நித்திரை இல்லாவிட்டால் தலை இடிக்கும்தானே என்று நோவு மருந்து கொடுத்து அனுப்பினார். அவள் திரும்பிப் பஸ் ஏறி வந்தாள். அடுத்த நாள் பகல், பிள்ளை விடாமல் அழுகிற சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. ஆட்களைக் கூப்பிட்டுத் திறந்தபோது ரோஸ்மென் குசினியில், அடுப்படி நிலத்தில் கிடந்தாள். வலிப்பு வந்திருக்கிறது. அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

நான் அறையொன்றைச் சரிபார்த்துக்கொண்டு நின்றபோது மதாம் வந்தார். கதவைச் சாத்தினார். "ராணி, ரோஸ்மென் போய்விட்டாள்," என்றார். சொல்லிவிட்டு, விரித்து முடித்த கட்டிலில் அப்படியே இருந்தார். அவர் கட்டிலில் குந்தி நான் கண்டதே இல்லை. நான் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டு நின்றேன். பிறகு எழுந்து, அந்த விரிப்பை உருவி நிலத்தில் எறிந்தார். இரண்டு பேருமாகப் புதிதாய் ஒன்றை எடுத்து விரித்தோம். அவருடைய பக்கத்து மூலை சரியாக வரவில்லை. அவர் பார்த்தார், விட்டுவிட்டார்.

பத்மாவுக்கு நான்தான் சொன்னேன். அவள் கத்தி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. துணி வண்டிலைப் பிடித்தபடி நின்றாள். அன்றையிலிருந்து அந்தத் தளத்தில் அவளுடைய சத்தம் இல்லை. தேவாலயத்தில் சவச்சடங்கு நடந்தபோதும் கடைசி வாங்கு இருக்கையில் போய்த் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள்.

ஏஜென்சிக்காரர்கள் வில்னேருக்கு இரண்டு மூன்று நாள் பொறுத்தார்கள். பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். மதாம் நேரே ஹோட்டல் நடத்துகிற பெரியவரின் அறைக்குப் போனார். வில்னேர் நம்முடைய ஊழியர் இல்லையே, நமக்கு என்ன பொறுப்பு என்று அவர் கேட்டாராம். "அவள் நம்முடைய ஆள். அவளுடைய பிள்ளை நம்முடைய ஆளின் பிள்ளை," என்று சொல்லிவிட்டு, கிடைக்கும்வரை எழும்பமாட்டேன் என்று இருந்திருக்கிறார். சலவைப் பகுதியில் வில்னேருக்குப் பகல் வேலை கிடைத்தது. பிள்ளை பராமரிக்க இடம் அகப்படும்வரை அந்த இடத்தை அவனுக்காகவே வைத்திருந்தார்கள். அன்றைக்குத்தான் அந்த வழக்கத்தையும் விதியாக்கினார். எங்களில் யார் பிள்ளைத்தாச்சி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குத் தனியே போகக்கூடாது, ஒருத்தி கூடப் போக வேண்டும், வேலை நேரமாகக் கணக்கு. பிள்ளை பிறந்த பிறகும் மாதக்கணக்கில், கிழமைக்கு ஒருத்தி வீட்டுக்குப் போய் முகத்தைப் பார்த்துவிட்டு வரவேண்டும். அதற்கும் சம்பளம். அபிராமி, ஆர் தொடங்கினது, ஏன் தொடங்கினது என்று கேட்டாயே, இதுதான். இதை அந்த மனேச்சருக்குப் பிரெஞ்சில் மாற்றி வாசித்துக் காட்டு.

முப்பத்தோராம் நாள் வந்தது. நான் மறந்துபோயிருந்தேன். பத்மா மறக்கவில்லை. காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள், நல்ல சேலை, கையில் அந்தப் பை.

"வாங்கக்கா, போவம்," என்றாள்.

"இப்ப என்னெண்டடி போறது?"

"சொன்ன நாள்தானே."

போனோம். வில்னேர் கதவைத் திறந்தான். பிள்ளையைத் தோளில் போட்டிருந்தான், தாடி மழிக்காமல் முகம் பாதியாகியிருந்தது. ரோஸ்மெனுடைய குளிர்ச்சட்டை கதவுக்குப் பின்னால் தொங்கியது. பத்மா கை கழுவிவிட்டு வந்து பிள்ளையை வாங்கினாள். மடியில் கிடத்திச் சட்டை மாற்றினாள். வளையலைப் போட்டாள், அது பெரிதாக இருந்தது, கழன்று கழன்று விழுந்தது. கொலுசையும் போட்டாள். பிள்ளை அழவில்லை. முகத்தில் தாயின் நெற்றி அப்படியே இருந்தது.

வில்னேர் கோப்பி கொண்டுவந்து வைத்தான். எங்களுக்கு முன்னால் நிலத்தில் இருந்தான். பத்மாவைக் காட்டி என்னிடம் பிரெஞ்சில் சொன்னான்:

"இவவிட்டை ஒண்டு கேட்டுச் சொல்லுங்கோ. ரோஸ்மென் தனியப் போன ரெண்டு தரமும் அவையள் அவளைத் திருப்பி அனுப்பிப்போட்டினம். இவ கூடப் போன நேரமெல்லாம் பாத்தவை. இவ என்ன சொன்னவ அவையளுக்கு? என்ன சொன்னாக் கேப்பினம்? எனக்கு அதைச் சொல்லித் தரச் சொல்லுங்கோ. இந்தப் பிள்ளையும் பொம்பிளைப் பிள்ளை. நாளைக்கு இவளைக் கொண்டு நான் போகோணுமெல்லோ."

நான் அதைப் பத்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அவள் பிள்ளையின் காலைப் பிடித்தபடி இருந்தாள். அந்தச் செய்தியைச் சொன்ன அன்று வராத அழுகை அப்போது வந்தது.

"நான் ஒண்டும் சொல்லல்லக்கா. எனக்கு எங்க பிரெஞ்சு வரும்? ஒரு சொல்லும் சொல்லல்ல. அவள்தான் எல்லாம் சொன்னவள், தனியப் போன நேரம் சொன்னதையேதான் சொன்னவள். நான் சும்மா பக்கத்துல இரிந்தன்."

வில்னேர் பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதை நான்தான் அவனுக்குப் பிரெஞ்சில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.